அந்தக் கட்டு கிடைக்காமல் போகட்டும்

பிப்ரவரி 4, புதன்

காலையில் புகார்ப் பிரிவைத் திறந்ததும் வந்த முதல் ஆள், குழாய்த் தண்ணீரில் புழு வருகிறது என்று ஒரு பாட்டிலில் பிடித்து வந்து என் மேசைமேல் வைத்தார். "மேலே அனுப்பியிருக்கோம், அடுத்த வாரம் பாருங்க" என்றேன். தண்ணீர் வாரியத்தில் சேர்ந்த நாளிலிருந்து இதே வாக்கியம்தான். போகும்போது பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

மத்தியானம் என் முறை வந்தது. என் வீட்டுக்காரருடைய இடது முட்டி தேய்ந்துபோய்விட்டது. ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் கிளட்சு மிதித்தே போன முட்டி. மாற்றினால்தான் இனிமேல் வண்டி என்று மருத்துவர் சொல்லிவிட்டார். என் அலுவலகக் காப்பீட்டில் கணவருக்கும் இடம் உண்டே என்று விண்ணப்பம் கொடுத்திருந்தேன். காப்பீட்டுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் கண்ணாடிக்காரப் பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க பழைய கோப்புல ஒண்ணு இருக்கே."

இருந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய விடுப்புச் சீட்டுகள். எல்லாம் என் கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில்: விவாகரத்து வழக்கு விசாரணை.

ஊரில் எல்லோரும் வயிற்றுவலி என்று எழுதுவார்கள். நான்தான் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் ஆயிற்றே!

"விவாகரத்து ஆனவங்களுக்குத் துணைவர் காப்பீடு கிடையாதுக்கா. அந்த வழக்கு என்ன ஆச்சுன்னு உத்தரவு நகல் வேணும்."

"என்ன ஆச்சா? ஆள் வீட்ல இருக்காரு. காலையில கூட சண்டை போட்டுட்டுத்தான் வந்தேன்."

"அதுக்கு ஆவணம் இருக்காக்கா?"

இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் எனக்குக் கொடுத்தது இரண்டு: ஒரு மாத்திரை, இந்த நோட்டு. கோபம் வந்தால் கத்தாமல் எழுத வேண்டுமாம். ஜனவரியிலேயே பாதி நோட்டு தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 5, வியாழன்

சாப்பிடும்போது அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நீதானே வக்கீலைப் பார்த்து, வழக்கு வேண்டாம்னு சொன்னே?" என்றார்.

"நானா? நீங்கதானே சொல்றேன்னீங்க?"

"நான் எப்போ சொன்னேன்?"

"பஸ்ல."

"பஸ்ல நீ தூங்கிட்டிருந்தே."

அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். மலையோரத்துச் சின்ன ஊரில் குடியிருந்தோம். எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறேன் என்று ஆரம்பித்தார். நாற்சந்தியில், அவருடைய மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டு, "உனக்கு ஜென்மத்துக்கும் வராது" என்றார். நான் வண்டியை நட்டநடுச் சாலையில் அப்படியே விட்டுவிட்டு இறங்கி நடந்தேன். நடந்தவள் வக்கீல் வீட்டில் போய்த்தான் நின்றேன். அவரும் வீம்புக்குப் பின்னாலேயே வந்து, "நானும் போடறேன் கையெழுத்து" என்றார். இருவரும் சேர்ந்தே மனு. எங்களுக்குள் ஒத்துப்போன முதல் காரியம் அதுதான்.

நீதிமன்றம் பக்கத்து ஊரில். போக ஒரே பஸ். வாய்தா நாளில் இரண்டு பேரும் அதே பஸ்ஸில்தான் ஏறுவோம், நான் முன்னால், அவர் பின்னால். கடைசியாகப் போன நாளில் ஒரே கூட்டம். ஒரே இருக்கையில் உட்காரும்படி ஆகிவிட்டது. நான் தூங்கிப்போனேன். நீதிமன்ற நிறுத்தம் வந்தபோது அவர் எழுப்பவில்லை. கண் விழித்தால் கடைசி நிறுத்தம்: ஒரு டீக்கடை, நாலு நாய், சாயங்காலம்வரை திரும்பிவர வழியில்லை. திரும்பி வந்ததும் ஒரே வீட்டுக்குத்தான் வந்தோம்.

அப்புறம் நீதிமன்றப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவர் சொல்லியிருப்பார் என்று நான், நான் சொல்லியிருப்பேன் என்று அவர். வக்கீலோ "அவசரத்துக்கு உதவும்" என்று வெற்றுத்தாளில் வேறு எங்கள் கையெழுத்துகளை வாங்கி வைத்திருந்தார். அதை வைத்துக் காரியத்தை முடித்திருந்தால்? கேட்கலாம் என்றால் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்படியென்றால் — நாங்கள் புருஷன் பெண்டாட்டியா, இல்லையா?

பிப்ரவரி 7, சனி

"பால் வாங்கிட்டு வாங்க" என்றேன். "எந்த உரிமையில சொல்றே?" என்று கேட்டார். சிரிப்பு வந்துவிட்டது. பாலும் நான்தான் வாங்கினேன்.

பிப்ரவரி 11, புதன்

விடுப்புப் போட்டுவிட்டு அந்த ஊருக்குப் போனேன். (காரணம்: வயிற்றுவலி. பட்டுத் தெளிந்தேன்.)

நீதிமன்றம் அப்படியே இருக்கிறது. கீழே கருவூலம், மேலே நீதிமன்றம், கழிவறைச் சாவி காவலாளியின் இடுப்பில். நகல் பிரிவு அம்மாள் கணினியைத் தட்டிப் பார்த்தாள்.

"முடிவுற்றது."

"எப்படி முடிவுற்றது?"

"முடிவுற்றதும்மா."

"இல்லீங்க, பிரிச்சு விட்டாங்களா, தள்ளிட்டாங்களா?"

"வழக்குக் கட்டை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். பதிவறையில மனு குடுத்துட்டு, அடுத்த வாரம் பாருங்க."

அடுத்த வாரம் பாருங்க! என் வாக்கியம்! அதை எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டால் எப்படி எரிகிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

பதிவறை என்பது பின்னால் இருக்கும் பழைய விதைக் கிடங்கு. கூரைவரை அலமாரிகள், அதில் துணியில் கட்டிய கட்டுகள். தலையில் துண்டும் மூக்கில் முகமூடியுமாக ஒருவர் ஏணியிலிருந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். வந்து ஒரு வருஷம் ஆகிறதாம். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற ஆளை எந்த அலுவலகத்திலும் நான் கண்டதில்லை. எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் சொன்ன முறை இது. பிரிந்துபோனவர்கள் கட்டை எந்தக் காலத்திலும் அழிக்க மாட்டார்கள், வலதுபக்க அலமாரி. தள்ளுபடியான மனுக்களைச் சில வருஷம் வைத்திருந்துவிட்டு இயந்திரத்தில் போட்டுத் தூளாக்கிவிடுவார்கள். "உங்க வருஷத்துத் தள்ளுபடி எல்லாம் எப்பவோ தூளாகியிருக்கும்மா. அதனால கட்டு கிடைச்சா உங்களுக்குத் தீர்ப்பு ஆகியிருக்குன்னு அர்த்தம்."

"கிடைக்கலேன்னா?"

"தள்ளுபடி ஆயி, அழிச்சாச்சுன்னு சான்று தருவோம்."

"அந்தச் சான்றையே இப்பக் குடுத்துடுங்களேன் தம்பி."

"தேடாம எப்படிம்மா தர்றது?" பதறிவிட்டார். "கவலையே படாதீங்க. நான் இங்க வந்ததிலேருந்து தேடி எடுக்காத கட்டே கிடையாது."



பிப்ரவரி 12, வியாழன்

பிறந்ததிலிருந்து இன்றைக்குத்தான் ஓர் அரசு ஊழியர் சோம்பேறியாக இருக்க வேண்டும் என்று மனமுருகி வேண்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

இந்த முறை அவரும் வந்தார். "நீ தனியாப் போனா அங்க யார்கிட்டயாவது கத்திடுவே" என்றார். வழி முழுக்க, பஸ் ஓட்டுகிறவர் பிரேக் போட வேண்டிய இடத்திலெல்லாம் இவர் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். "வலிக்கிற காலை வெச்சு ஏன் மிதிக்கிறீங்க?" என்று கேட்டேன். "அவன் மிதிக்க மாட்டேங்கிறானே" என்றார். இறங்கும்போது பேச்சுவார்த்தை இல்லை.

பதிவறைத் தம்பி எங்களைப் பார்த்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டு வணக்கம் சொன்னார். இவரைக் காட்டி, "சார் யாருங்கம்மா?" என்றார்.

நான் பஸ் கோபத்தில் இருந்தேன். வாய் சும்மா இருக்குமா? "அதைத்தான் இப்போதைக்குச் சொல்ல முடியலை தம்பி. எல்லாம் உங்க கையிலதான் இருக்கு."

இவர் என் பைகளைச் சுமந்துகொண்டு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். தம்பி என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார். என்னவோ முகமே மாறிவிட்டது. ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து இவரை உட்கார வைத்தார். தன் காசில் டீ வாங்கி வந்தார்.

"சங்கடப்படாதீங்க சார். வயசெல்லாம் ஒரு விஷயமே இல்லை" என்றார். முட்டிவலியைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வலதுபக்கம் முழுக்கத் தேடிவிட்டாராம், கட்டு கிடைக்கவில்லை. எனக்கு மனசு குளிர்ந்தது. அப்போதுதான், "ஒரு மூலை மட்டும் பாக்கிம்மா" என்றார். "அங்க குளவி பெருசாக் கூடு கட்டியிருக்கு. எனக்கு முன்னாடி இருந்தவங்க யாருமே கிட்ட போனதில்லை."

"போகாதீங்க தம்பி! உயிர் முக்கியம்!"

"இல்லைம்மா. உங்க ரெண்டு பேரைப் பார்த்தப்புறம் மனசு கேக்கலை. உங்களுக்காகவாவது போறேன்."

இப்படி ஒரு நல்லவரிடம் மாட்டிக்கொண்டேனே!

பிப்ரவரி 22, ஞாயிறு

மகள் போனில் பேசினாள். அந்தப் பஸ் பயணத்துக்கு அடுத்த வருஷம் பிறந்தவள். விஷயத்தை அவளுடைய அப்பா ஏற்கெனவே உளறியிருக்கிறார்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் லிவிங் டுகெதரா?"

"வாயை மூடுடி."

"அப்போ நான் யாரு?"

"நீ? பஸ் லேட்டானதால வந்தவ."

போனிலேயே உருண்டு சிரித்தாள். பிறகு, "அப்பா முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டபோது குரல் சரியாக இல்லை. எனக்கும்தான். மாடிப்படியில் நேற்று அவர் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

அலுவலகத்தில் இருந்தபோது போன். பதிவறைத் தம்பி. பேச்சே குழறியது, உதடு வீங்கியிருக்கிறதாம்.

"கிடைச்சிடுச்சும்மா!"

நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அம்மா? கேக்குதா? உங்க கட்டு! குளவி மூலையிலதான் இருந்துச்சு. கட்டு எண்ணைப் பார்த்ததுமே உங்களுக்குத்தான் முதல் போன். இன்னும் பிரிக்கக்கூட இல்லை. நகல் எடுத்து முத்திரை போட்டு வைக்கிறேன், பதினேழாம் தேதி வந்து வாங்கிக்கங்க."

"ரொம்ப நன்றி தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்காகக் கொட்டு வாங்கியிருக்கிறார்.

கிடைத்தால் பிரிந்தோம் என்று அர்த்தம். கிடைத்துவிட்டது.

எதிர் மேசைக்காரர் தண்ணீர் கொடுத்தார். "வயித்துவலியா?" என்று கேட்டார்.

மார்ச் 4, புதன்

 எழுதித் தீர்க்கிறேன்.

நேற்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். கட்டு கிடைத்துவிட்டது, அப்போ ஆயிடுச்சு, இருபத்தாறு வருஷமா நமக்குள்ள ஒண்ணும் இல்லை என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன். "இப்போ என்ன பண்றது?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார்.  எழுந்தார். வாசலுக்குப் போய்ப் பயிற்சி வண்டியைத் துடைத்தார். காலையில் துடைத்த வண்டி!

ஏன்யா, "அதனால என்ன"ன்னு ஒரு வார்த்தை வாயில வரலையா உனக்கு? "அட போடி"ன்னு சொல்லியிருந்தாக்கூட எனக்குப் போதுமே. இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டு, சண்டை போட்டு, பொண்ணை வளர்த்து, உன் அம்மாவைக் கடைசிவரைக்கும் பாத்து — ஒரு காகிதம் வந்ததும் துணியை எடுத்துட்டு வண்டியைத் துடைக்கப் போறியா? அந்த வண்டிக்குத்தான் நீ வாக்கப்பட்டிருக்கியா?

காப்பீடு போனால் போகட்டும், என் சேமநிதியில் கடன் வாங்கியாவது முட்டியை மாற்றிவிடுவேன். அது இல்லை இப்போது. இந்த மனுஷனுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. போக நினைக்கிறாரோ என்று பயமாக இருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

பேசவில்லை.

மார்ச் 7, சனி

பேசவில்லை. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு காலையில் எங்கோ கிளம்பினார். சனிக்கிழமை பயிற்சி வகுப்புக்கு யார் தேய்த்த சட்டை போடுவார்கள்? மத்தியானம் நொண்டிக்கொண்டு வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சட்டையில் அத்தர் வாசனை வேறு.

மார்ச் 10, செவ்வாய்

புகார்ப் பிரிவில் இன்றைக்கு ஒரு கிழவர் கத்தினார். நான் அவரைவிடப் பலமாகக் கத்தினேன். இருவருக்கும் எதிர் மேசைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

மார்ச் 12, வியாழன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் அவர் செல்பேசியை மின்னேற்றியில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். மணி அடித்தது. எடுத்தேன்.

"வணக்கம்ங்க. மணமகன் இருக்காருங்களா?"

"மணமகனா? இங்க அப்படி யாரும் இல்லை. அறுபது வயசுல ஒருத்தர் இருக்காரு, முட்டிவலிக்காரர்." வைத்துவிட்டேன்.

மறுபடியும் அடித்தது. "அவரேதாங்க. பதிவாளர் அலுவலகத்திலேருந்து பேசறோம். கல்யாணப் பதிவுக்கு சனிக்கிழமை வந்து நேரம் வாங்கிட்டுப் போனாரு, ஏப்ரல் ஒன்பது, காலை பதினோரு மணி. மணமகளோட போட்டோ ரெண்டு பாக்கி இருக்கு."

 சனிக்கிழமை. தேய்த்த சட்டை. அத்தர்.

"மணமகள் யாருன்னு சொன்னாரு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அந்தப் பெண் வாசித்தாள். என் பெயர். என் அப்பா பெயர். தொழில், தண்ணீர் வாரியம், புகார்ப் பிரிவு. வயதில் மட்டும் இரண்டு கூட்டிக் கொடுத்திருக்கிறார், படுபாவி.

அவர் சாப்பிட வந்தபோது நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "மணமகனே, வாங்க" என்றேன். மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. அசடு வழிந்தார்.

"அன்னிக்குக் கேட்டேனே, ஏன் வாயைத் திறக்கலை?"

செருப்பைக் கழற்றினார். ஒரு செருப்பைக் கழற்ற இவ்வளவு நேரமா?

"கேட்டு நீ மாட்டேன்னுட்டா?" என்றார். "உனக்கு அப்பவே என்னைப் பிடிக்காமத்தானே நடுரோட்ல இறங்கினே. இப்பவும் இறங்கிட்டா என்ன பண்றது? அதான் முதல்ல தேதியை வாங்கிடுவோம்னு. தேதி கையில இருந்தா நீ திட்டிக்கிட்டே வந்துடுவே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்றுகொண்டே அழுதேன். அவர் என்ன செய்வது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குப் பஸ்ஸில் எழுப்பாமல் விட்ட அதே ஆள். இவருக்கு வாய் என்று ஒன்று எதற்கு வைத்தானோ!

"வயசை ஏன் கூட்டினீங்க?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க. அவசரத்துல வரலை."

மார்ச் 17, செவ்வாய்

இருவரும் போனோம், நகல் வாங்க. பயம் இல்லை. ஆகியிருந்தால் ஆகியிருக்கட்டும், தேதிதான் கையில் இருக்கிறதே. போட்டோகூட எடுத்தாகிவிட்டது. புதுப் புடவையில் எடுக்க வேண்டும் என்று அவர் ஒரே பிடிவாதம்.

பதிவறைத் தம்பிக்கு ஒரு கண்ணுக்குக் கீழே இன்னும் வீக்கம். ஆனால் முகத்தில் அந்தப் பழைய உற்சாகம் இல்லை. துக்க வீட்டில் வரவேற்கிற மாதிரி எங்களை உட்கார வைத்தார். நகல் உறையைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் தடவிக்கொண்டே இருந்தார்.

"அம்மா, மனசைத் தளர விடக் கூடாது."

"என்ன தம்பி?"

"அந்த மூலையில இருந்தது தள்ளுபடிக் கட்டு எல்லாம்மா. குளவிக்குப் பயந்து அந்த வருஷத்துதை மட்டும் அழிக்காமலே விட்டிருக்காங்க. எனக்குப் பிரிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. போன்ல சொல்ல மனசு வரலை." தொண்டையைச் செருமினார். "ரெண்டு பேரும் ஆஜராகலேன்னு உங்க மனு தள்ளுபடி. சட்டப்படி நீங்க இன்னும் அவரோட மனைவிதாம்மா."

நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். தம்பி இவர் பக்கம் திரும்பி, இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இத்தனை காலம் காத்திருந்தீங்க. இன்னும் கொஞ்சம் பொறுங்க. அந்த ஆள் எங்க இருந்தாலும் தேடிப் பிடிச்சு, புதுசா ஒரு வழக்கு போட்டா —"

"எந்த ஆளு?" என்றார் இவர்.

"அதான் சார், அம்மாவோட வீட்டுக்காரர்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்காலி, டீ, வயசெல்லாம் விஷயமே இல்லை... அடக் கடவுளே! இந்த மனுஷன் எங்களைக் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் காதலர்கள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறார்! அந்தக் காதலுக்காகத்தான் குளவிக் கூட்டில் கையை விட்டிருக்கிறார்!

இவர் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. "அவன் ஒரு மாதிரியான ஆளு தம்பி. லேசுல விட மாட்டான்."

"ரொம்பக் கொடுமைப்படுத்தினானா சார்?"

"நடுரோட்ல, நாலு பேர் முன்னாடி, உனக்கு ஜென்மத்துக்கும் வராதுன்னு சொன்னான். தப்புத்தான். அந்தம்மா நல்லாத்தான் ஓட்டுச்சு. கியர் மட்டும் கொஞ்சம் அழும்."

இருபத்தாறு வருஷம் கழித்து, மூன்றாம் மனிதனிடம், அதுவும் அடுத்தவன் மேல் பழியைப் போட்டு ஒரு மன்னிப்பு! நான் முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சிரித்த சிரிப்பில் காவலாளி சாவியோடு ஓடி வந்துவிட்டார்.

தம்பியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்போ இவ்வளவு நாளா நீங்க, கட்டு கிடைக்கக் கூடாதுன்னா வேண்டிக்கிட்டிருந்தீங்க?"

"ஆமா தம்பி."

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் பாட்டுக்குக் கீழேயே உக்காந்திருப்பேனேம்மா!"

பிறகு அவரும் சிரித்தார். வீங்கின பக்கம் சிரிக்க வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் தூங்கிவிட்டேன். எங்கள் நிறுத்தம் வந்ததும் எழுப்பினார்.

மார்ச் 18, புதன்

நகலைக் கண்ணாடிக்காரப் பெண்ணிடம் கொடுத்தேன். முத்திரையைத் தேய்த்துப் பார்த்தாள். "அப்போ நீங்க கல்யாணம் ஆனவங்கதான்க்கா" என்றாள், ஏதோ பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி. காப்பீடு சரியாகிவிட்டது.

மத்தியானம் புழுக்காரர் மறுபடி பாட்டிலோடு வந்தார். அடுத்த வாரம் என்று வாய்வரை வந்தது. எழுந்து அவரையும் பாட்டிலையும் கூட்டிக்கொண்டு நேரே பொறியாளர் அறைக்குப் போனேன். பொறியாளருக்குத்தான் வயிற்றுவலி வந்திருக்கும்.

ஏப்ரல் 9, வியாழன்

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அறுவை சிகிச்சைக்கு இவர்களாகப் பார்த்துக் கொடுத்த தேதி இது. தள்ளுவண்டியில் போகும்போதுகூடத் திருப்பத்தில் இடது காலை மிதித்தார்.

நேற்று விடுப்புச் சீட்டு எழுதும்போது எதிர் மேசைக்காரர், "வயித்துவலின்னே போடுங்க, கேள்வி வராது" என்றார். நான் எழுதினேன்: காரணம், என் கணவருக்கு முட்டி அறுவை சிகிச்சை. கொட்டை எழுத்தில். எத்தனை வருஷம் கழித்து எவர் தோண்டி எடுத்தாலும் எடுக்கட்டும்.

பதினோரு மணி தாண்டியதும் அவருடைய செல்பேசி என் பையில் அடித்தது. பதிவாளர் அலுவலகப் பெண்.

"மணமகள்தானே? உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம். வரலையா?"

வேண்டாம் என்று சொல்ல இத்தனை நாளாக இரண்டு பேருமே மறந்திருக்கிறோம். நான் சொல்லியிருப்பேன் என்று அவர், அவர் சொல்லியிருப்பார் என்று நான். திருந்துகிற ஜாதியா நாங்கள்?

"மாப்பிள்ளை உள்ள இருக்காரும்மா. முட்டிக்கு ஆபரேஷன்."

"அச்சோ. அப்போ ரத்து பண்ணிடட்டுங்களா? இல்லை, வேற தேதி வேணுமா?"

எங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது, முத்திரை போட்ட நகல் இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்களும் பதிவு பண்ணிக்கலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா."

"அப்போ அவர் நல்லா நடக்க ஆரம்பிச்சப்புறம் ஒரு தேதி குடுங்க. அப்படியே மணமகள் வயசையும் திருத்திக்கங்க, ரெண்டு குறையும்."

ஜூலையில் கொடுத்திருக்கிறாள். அவரிடம் இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை. தேதி கையில் இருக்கட்டும்.